'நிறுத்து' என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை?

1964 அக்டோபர். அமெரிக்காவில் தேர்தல் நேரம். வியட்நாம் போரில் ஆசிய இளைஞர்கள் செய்ய வேண்டிய வேலைக்கு நம் பிள்ளைகளைப் பத்தாயிரம் மைல் தாண்டி அனுப்பப் போவதில்லை என்றார் அதிபர் லிண்டன் ஜான்சன். அடுத்த ஆண்டு முடிவதற்குள் வியட்நாமில் சுமார் 1,84,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள்.

எதற்காக? பாதுகாப்புத் துறை அதிகாரி ஜான் மெக்நாட்டன் 1965 மார்ச்சில் சதவீதக் கணக்காகவே எழுதினார். தோற்றுப்போன அவமானம் வராமலிருக்க 70. அமெரிக்கா ஆதரித்த தென் வியட்நாம் சீனாவின் கைக்குப் போகாமலிருக்க 20. அந்த மக்கள் சுதந்திரமாக, நன்றாக வாழ 10. இது ரகசியக் குறிப்பு. மேடையில் ஒலித்ததோ சுதந்திரம்.

இந்த 70 எப்படி வேலை செய்கிறது என்பதை 1976-ல் பேரி ஸ்டா என்ற ஆய்வாளர் 240 மாணவர்களை வைத்துச் சோதித்தார். ஒரு கற்பனை நிறுவனத்தின் எந்தப் பிரிவுக்கு ஆராய்ச்சிப் பணம் தருவது என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும். அப்புறம் லாப நஷ்டக் கணக்கு காட்டப்படும். மறுபடி பணம் ஒதுக்க வேண்டும். தானே தேர்ந்தெடுத்த பிரிவு நஷ்டத்தில் போனதைப் பார்த்தவர்கள்தான் அதற்கே மிக அதிகமாக அள்ளிக் கொடுத்தார்கள். முதல் முடிவு வேறொருவருடையது என்றால் கை அவ்வளவு நீளவில்லை.

போரில் போடும் முதலீடு பணமல்ல, உயிர்கள். அதனால் பிடி இன்னும் இறுகுகிறது. 'அவர்கள் வீணாகச் சாகவில்லை' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், ஒவ்வொரு புதுச் சாவும் போரைத் தொடர்வதற்கான காரணமாகிவிடும். உயிரிழப்பு பெருகிவிட்டால் பின்வாங்கவே முடியாது என்று வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால் 1965 ஜூலையிலேயே ஜான்சனுக்கு எழுதினார். கேட்கத்தான் ஆளில்லை.

மக்கள் மனம் போவது எதிர்த்திசையில். கொரிய, வியட்நாம் போர்க் காலக் கருத்துக் கணிப்புகளை ஆராய்ந்த ஜான் முல்லர், உயிரிழப்பு பத்து மடங்காகும்போதெல்லாம் ஆதரவு ஏறக்குறைய 15 சதவீதப் புள்ளி சரிவதைக் கண்டார். தலைவர் விட முடியாமல் பிடிக்கிறார், மக்கள் நழுவுகிறார்கள். இந்த இடைவெளியை நிரப்பத்தான் புதுச் சொற்கள் வருகின்றன. 'வெற்றி' போய் 'கௌரவமான அமைதி' வந்தது.

ஜான்சனுக்குப் பின் அதிபரான, போரைத் தொடங்காத நிக்சனாவது 1969-ல் சட்டென்று விட்டிருக்கலாம். ஆனால் கௌரவம் என்ற சொல்லைக் கையில் எடுத்ததும் அது அவருடைய போராகிவிட்டது. மாண்ட 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர் பதவியேற்ற பிறகு இறந்தவர்கள். வியட்நாமியர் பலி இதைவிடப் பல மடங்கு.

அமைதி கைக்கெட்டும் தூரத்தில் என்று 1972 அக்டோபர் 26-ல் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர் அறிவித்தார். டிசம்பரில் வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்மீது அமெரிக்கக் குண்டுமழை. 1973 ஜனவரி 27-ல் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் நிபந்தனைகள் அக்டோபரில் பேசி முடித்தவற்றிலிருந்து பெரிதாக மாறவே இல்லை.