ஃபிரெஸ்கோ: ஈரச்சுதை ஓவியம்

பழைய சுவரில் ஓர் ஓவியத்தைக் கண்டால் அதை ஃபிரெஸ்கோ என்று எழுதிவிடும் வழக்கம் நம் பயணக் கட்டுரைகளில் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் அது ஒரு செய்முறையின் பெயர். 'ஆ ஃபிரெஸ்கோ' என்னும் இத்தாலியத் தொடர் அப்போதுதான் பூசிய, ஈரம் உலராத சுண்ணாம்புச் சாந்தின்மேல் தீட்டுவதைக் குறிக்கும். ஜெர்மானிய மொழிகளிலிருந்து இத்தாலியத்துக்குள் வந்த சொல் என்பதால், ஆங்கிலத்தின் 'ஃபிரெஷ்' இதற்கு நெருங்கிய உறவு.

நீரில் மட்டும் குழைத்த நிறமண்ணை அந்த ஈரத்தில் தீட்டினால், சாந்திலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றின் கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது, நிறத் துகள்களையும் தன்னுள் பூட்டிக்கொள்ளும். பசையே வேண்டியதில்லை. உலர்ந்த சுவரில் பசை சேர்த்துத் தீட்டும் முறைக்குச் 'செக்கோ' என்று பெயர்.

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் உள்ள கெம்ப்ளி என்னும் சிற்றூருக்குச் செல்வோர், அங்குள்ள பழைய புனித மரியாள் தேவாலயத்தில் இவ்விரண்டையும் ஒருசேரக் காணலாம். பலிபீடப் பகுதியின் வளைகூரையில் வானவில்மேல் வீற்றிருக்கும் கிறிஸ்துவும், பக்கச் சுவர்களில் வரிசையாக அமர்ந்து அவரை அண்ணாந்து நோக்கும் திருத்தூதர்களும், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காவியும் மஞ்சளுமாகத் தீட்டப்பட்ட மெய்யான ஃபிரெஸ்கோக்கள். மக்கள் அமரும் கூடத்திலுள்ள வாழ்க்கைச் சக்கரமோ பிற்காலத்தில் உலர்பூச்சின்மேல் வரையப்பட்டது. சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வெள்ளையடித்து மறைக்கப்பட்ட பலிபீடப் பகுதி ஓவியங்கள் 1872இல் வெளிப்பட்டன. பாதுகாப்பதாக எண்ணி அவற்றின்மேல் பூசிய அரக்கு வார்னிஷை 1950களில் மெனக்கெட்டு நீக்க வேண்டியதாயிற்று.

தமிழில் ஃபிரெஸ்கோவுக்குச் 'சுவரோவியம்' என்னும் சொல் போதாது, செக்கோவும் சுவரோவியமே. 'சுதை ஓவியம்' பொருத்தமான சொல்தான். 'வெண்சுதை விளக்கத்து வித்தகர் இயற்றிய கண்கவர் ஓவியம்' என மணிமேகலையே பாடுகிறது. ஆயினும் சுதை என்றதும் கோபுரப் பொம்மைகளே இன்று நினைவுக்கு வருவதாலும், ஈரம் என்ற அடிப்படைக் குறிப்பு அதில் இல்லாததாலும், ஃபிரெஸ்கோவை 'ஈரச்சுதை ஓவியம்' என்றும் செக்கோவை 'உலர்சுதை ஓவியம்' என்றும் வழங்குவதே தெளிவு. நம் ஓவியங்களைப் பற்றிப் பேசவும் இந்தப் பாகுபாடு தேவைப்படுகிறது: சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன், தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை ஆராய்ந்து, அவை ஈரச்சுதையில் தீட்டப்பட்டவை என்றே முடிவுகட்டினார்.