ஹரிக்கேன் பருவத்தில் சொகுசுக் கப்பல்: பணம் கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

செப்டம்பர் மாதக் கரீபியன் கப்பல் பயணத்துக்கு விலை விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "புயலில் கப்பல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?" என்றுதான். கப்பல் புயலில் மாட்டுவது அபூர்வம். கிளம்பும் துறைமுகம் மூடிக்கிடப்பதும், திரும்பும் நாள் தள்ளிப்போய் விமான டிக்கெட் வீணாவதும் ஏறக்குறைய ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது இந்த இரண்டையும் பற்றித்தான்.

அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆறு மாதமும் ஒரே மாதிரி இருக்காது. ஜூன், ஜூலையில் புயல்கள் குறைவு. ஆகஸ்ட் நடுவில் வேகமெடுத்து, செப்டம்பர் 10-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போய், அக்டோபரிலும் சட்டென்று அடங்காது. அந்த வாரங்களில் டிக்கெட் மலிவாகக் கிடைப்பதற்குப் பள்ளிகள் திறந்துவிடுவது ஒரு காரணம், இது இன்னொன்று. மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் போகிறவர்களுக்குப் பருவம் மே 15-லேயே தொடங்கிவிடுகிறது.

காற்று தொடர்ந்து மணிக்கு 63 கி.மீ. எட்டினால் புயலுக்குப் பெயர் வைக்கிறார்கள், 119 கி.மீ. எட்டினால் அது ஹரிக்கேன். ஆனால் இது புயலுக்குள் சுழலும் காற்றின் வேகம். புயல் இடம்விட்டு இடம் நகர்வதோ, வெப்ப மண்டலக் கடலில் பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 25 கி.மீ. வேகத்தில்தான். பெரிய பயணிகள் கப்பல் 20, 22 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 40 கி.மீ. அளவில் ஓடக்கூடியது. ஆக, இரண்டு நாள் முன்னால் தகவல் தெரிந்தாலே போதும், கப்பல் ஒதுங்கிவிடலாம். மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை விடுகிறது. கரைக்கு எச்சரிக்கை அமலில் இருந்தால் 3 மணிக்கொரு முறை.

மாலுமிகளிடம் இதற்கென்றே ஒரு பழைய கணக்கு உண்டு: 1-2-3 விதி. முன்னறிவிப்பில் சொன்ன இடத்திலிருந்து புயல் விலகலாம் என்று வைத்துக்கொண்டு, 24 மணி நேரக் கணிப்புக்கு 100 கடல் மைல், 48-க்கு 200, 72-க்கு 300 என்று கூட்டுவார்கள். 34 நாட், அதாவது மணிக்கு 63 கி.மீ. காற்று வீசும் வட்டத்தின் மேல் இந்தத் தூரத்தையும் சேர்த்து வரைந்தால் கிடைக்கும் பகுதிக்குள் கப்பல் நுழையாது. வடகோளத்தில் புயல் போகும் திசைக்கு வலப்பக்கம் இன்னும் மோசம். சுழலும் காற்றோடு புயல் நகரும் வேகமும் அங்கே சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1998 அக்டோபரில் வந்த மிட்ச் புயல் சாட்சி. ஃபான்டோம் என்ற நான்கு பாய்மர உல்லாசக் கப்பல், பயணிகளை பெலீஸ் நகரில் இறக்கிவிட்டுப் புயலிலிருந்து ஒதுங்கப் பார்த்தது. புயல் எதிர்பார்த்த பக்கம் போகாமல் தெற்கே ஹோண்டுராஸ் நோக்கித் திரும்பியது. கப்பலோடு அதில் இருந்த ஊழியர்கள் 31 பேரும் மாண்டுபோனார்கள். இன்றைய முன்னறிவிப்பு அன்றையதைவிட எவ்வளவோ துல்லியம். கப்பல்களும் அதைவிட வேகமானவை. இருந்தாலும் சுருங்கிய கடலில் ஒதுங்க இடம் குறைவு என்ற பாடம் மாறவில்லை.

கிளம்பும் துறைமுகத்தை விலை பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வது அதனால்தான். மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல் ஆகியவை திறந்த கடலைப் பார்த்தவை. கிழக்கே புயல் என்றால் கப்பல் மேற்கே போகும். மேற்கே புயல் என்றால் கிழக்கே. கால்வெஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், டாம்பா மூன்றும் மெக்சிகோ வளைகுடாவுக்குள் இருக்கின்றன. வளைகுடாவுக்கு வாசல் இரண்டே இரண்டு: யுகடான் கால்வாய், ஃபுளோரிடா நீரிணை. அங்கே புயல் உட்கார்ந்துவிட்டால் வெளியே இருக்கும் கப்பல் உள்ளே வரக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது கால்வெஸ்டன் துறைமுகம் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான பயணிகளோடு கப்பல்கள் கடலிலேயே நாள் கடத்தின. சில கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸ் போய் உணவும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டன. பக்கத்தில் உள்ள ஹூஸ்டன் நகரின் விமான நிலையங்களும் மூடியிருந்தன. கரை இறங்கியிருந்தாலும் ஊர் போக வழியில்லை.

அமெரிக்கத் துறைமுகத்தை மூடும் அதிகாரம் கடலோரக் காவல்படையிடம் இருக்கிறது. பலத்த காற்று வர 72 மணி நேரம் இருக்கையில் 'விஸ்கி', 48-ல் 'எக்ஸ்ரே', 24-ல் 'யாங்கி', 12-ல் 'ஜூலு' என்று படிப்படியாக நிலை அறிவிப்பார்கள். யாங்கியில் உள்ளே வரும் போக்குவரத்து நிற்கும். ஜூலுவில் எல்லாமே நிற்கும். உங்கள் பயணத்துக்கு முந்தைய நாள் செய்தியில் 'யாங்கி' என்று கண்ணில் பட்டால், கப்பல் நிறுவனத்தின் குறுஞ்செய்தி வரும்வரை வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டாம். புயல் கடந்து வெயில் அடித்தாலும் துறைமுகம் உடனே திறக்காது. மிதவைகள் இடம் மாறியிருக்கும், கால்வாயில் மணல் மேடிட்டிருக்கும், ஏதாவது மூழ்கிக் கிடக்கலாம். ஆழம் அளந்து முடித்த பிறகே கப்பலை விடுவார்கள்.

வானம் பளிச்சென்று இருக்கும்போது துறைமுகத்தை ரத்து செய்தால் பயணிகளுக்குக் கோபம் வரும். காரணம் அநேகமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புயல் அனுப்பும் நெடிய அலைதான். நம் செய்திகளில் 'கள்ளக்கடல்' என்று வருகிறதே, ஏறத்தாழ அந்த வகை. கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் கப்பல் கரையில் கட்டுவதில்லை. நடுக்கடலில் நின்று டெண்டர் படகில் ஆளை இறக்குவார்கள். அலையில் கப்பலின் வாசலும் படகும் ஆளுக்கொரு பக்கமாக ஏறி இறங்கும். நடுவில் கால் சிக்கினால் எலும்பு மிஞ்சாது. அங்கே வடமேற்குக் காற்று அடித்தால் தெற்குப் பக்கம் ஸ்பாட்ஸ் என்ற இடத்துக்கு மாற்றிப் பார்ப்பார்கள். அதுவும் சரிப்படாவிட்டால் அன்று முழுக்கக் கடல்தான். கப்பல்துறையில் கட்டும் ஊர்களில் குறுக்குக் காற்று தடை. பதினைந்து மாடிக் கட்டடம் போன்ற கப்பலின் பக்கவாட்டில் காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

ஹரிக்கேன் பருவம் முடிந்தால் கவலை இல்லை என்பதும் சரியல்ல. 2016 பிப்ரவரியில் 'ஆந்தம் ஆஃப் த சீஸ்' கப்பல் அமெரிக்கக் கிழக்குக் கரையின் கேப் ஹாட்டராஸ் அருகே சிக்கித் திரும்பி வந்தது குளிர்காலப் புயலில். 2019 மார்ச் 23 அன்று நார்வே கடலில் 'வைகிங் ஸ்கை' கப்பலின் எஞ்சின்கள் நின்றன. தொட்டிகளில் மசகு எண்ணெய் மட்டம் குறைவு. ஆட்டத்தில் எண்ணெய் ஒதுங்கி, பம்புக்குக் கிடைக்காமல் போனது. கப்பலில் இருந்த 1,373 பேரில் 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்க வேண்டியிருந்தது. கால்வெஸ்டனிலும் டாம்பாவிலும் குளிர்காலத்தில் மூடுபனியே பாதி நாளை விழுங்கிவிடும்.

இனி பணம். டிக்கெட்டோடு வரும் பயண ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. எந்தத் துறைமுகத்தையும் மாற்றவோ விடவோ கேப்டனுக்கு உரிமை உண்டு, அதற்கு இழப்பீடு கிடையாது என்று அதில் எழுதியிருக்கும். ஊர் ஒன்று விடுபட்டால் அதற்கான துறைமுக வரி பெரும்பாலும் கப்பலில் உங்கள் செலவுக் கணக்கில் வரவாகும். கப்பல் மூலம் எடுத்த சுற்றுலாவுக்குப் பணம் திரும்பும். வெளியில் நீங்களே பதிவு செய்ததற்கு அந்த நிறுவனத்தின் விதிதான். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பயணம் ரத்தானாலோ, 3 நாள் அல்லது அதற்கு மேல் தள்ளிப்போய் நீங்கள் வர மறுத்தாலோ, பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது 2022 முதல் அந்நாட்டு விதி. ஒரு நாள், இரண்டு நாள் தாமதம் இதில் வராது. விமானம், ஹோட்டல் செலவும் வராது. இதற்குத்தான் இன்சூரன்ஸ்.

இன்சூரன்ஸில் எல்லோரும் செய்யும் தவறு, புயல் டிவியில் வந்த பிறகு வாங்குவது. பெயர் வைத்த அன்றே அது 'முன்பே தெரிந்த நிகழ்வு' ஆகிவிடும். அதன் பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்குச் செல்லாது. முன்பணம் கட்டிய வாரமே வாங்குங்கள். 'பயமாக இருக்கிறது, போகவில்லை' என்பதற்குச் சாதாரண பாலிசியில் ஒரு ரூபாய் வராது; எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் பிரிவு வேண்டும். அதிலும் 50 முதல் 75 சதவீதமே திரும்பும், பெரும்பாலும் கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்திருக்க வேண்டும். தவறிய துறைமுகம், பயணத் தாமதம் என்ற இரண்டு தலைப்புகளில் எவ்வளவு தருகிறார்கள் என்று பாருங்கள்.

விசா விஷயத்தில் கவனம். கிழக்குக் கரீபியன் என்று கிளம்பிய கப்பல் புயலால் மேற்கே திரும்பினால் மெக்சிகோ வந்து நிற்கும். மாற்றுப் பாதையில் வரக்கூடிய நாடுகளின் விதியையும் முன்பே பார்த்து வையுங்கள். அமெரிக்காவுக்குள் பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்பதும் முக்கியம்.

பருவத்தில் போகிறவர்கள் கப்பல் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே ஊர் சேர்ந்துவிடுவது நல்லது. திரும்பும் விமானம் மாலையில் இருக்கட்டும், மாற்றக்கூடிய டிக்கெட்டாக இருக்கட்டும். தினசரி மருந்துகளைக் கூடுதலாக ஐந்து நாளைக்குக் கைப்பையில் வையுங்கள்; பெட்டியில் அல்ல. முன்னறிவிப்பு வரைபடத்தில் வரும் கூம்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். புயலின் மையம் எங்கே போகலாம் என்பதை மட்டுமே அது காட்டும். புயலின் அகலத்தை அல்ல. மையமே மூன்றில் ஒரு பங்கு நேரம் கூம்புக்கு வெளியே போகிறது.

கேபின் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. பக்கவாட்டில் நீட்டும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் இடவலமாக ஆடுவதைக் குறைக்கும். முன்னும் பின்னும் குத்தி எழுவதை அவற்றால் தடுக்க முடியாது. முன்பக்கக் கேபின்காரர்கள் இரவெல்லாம் 'டமார்' சத்தம் கேட்பது அதனால். குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமைன் பட்டையை நான்கு மணி நேரம் முன்பே ஒட்டினால் மூன்று நாள் தாங்கும். கண்ணழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் பார்வை மங்கும்.

மாடிப்படிக் கைப்பிடிகளில் வாந்தி எடுப்பதற்கான காகிதப் பைகள் தொங்க ஆரம்பித்து, நீச்சல் குளத்தில் தண்ணீரை இறக்கினால், இரவு ஆட்டம் இருக்கிறது என்று பொருள். கண்ணாடிப் பொருள்களை மேசையிலிருந்து எடுத்துத் தரையில் வையுங்கள். குளிக்கும்போது ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும். முக்கியமாக பால்கனிக் கதவு. கேபின் கதவும் அதுவும் ஒரே நேரத்தில் திறந்தால் காற்று குறுக்கே பாய்ந்து, கனத்த கதவைத் துப்பாக்கி வெடித்தது போல் அறைந்து சாத்தும். அப்போது விரல் கதவிடுக்கில் இருந்தால் நசுங்கிவிடும்; பெரும்பாலும் அது குழந்தையின் விரலாக இருக்கும்.