கடைக்காரர் உங்கள் அறையைப் பார்த்ததில்லை

போன வாரம் ஒரு தம்பி விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி, பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே வடபழனியில், பதிவான பாட்டுகளைக் கலந்து சமன் செய்யும் என் மிக்ஸிங் அறைக்கு வந்தான். பெட்டிக்குள், பல மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் எட்டு சானல் மிக்சர். அதன் முகப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. கூடவே சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற ஒரு கண்டென்சர் மைக், ஸ்டாண்டு, சுவரில் ஒட்டுவதற்கு ஒரு மூட்டை கறுப்பு ஃபோம். வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய, மொத்தம் 41,000 ரூபாய். அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கியது.

“அண்ணா, குரலும் தபேலாவும் தனித்தனி டிராக்கா வரும்னு கடையில சொன்னாங்க. எப்படிப் பண்ணாலும் ஒண்ணாத்தான் வருது” என்றான்.

அப்படித்தான் வரும். அந்த மிக்சரின் யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போவது எல்லாம் கலந்த பிறகு கிடைக்கும் இடது, வலது ஆகிய இரண்டு சானல் மட்டுமே. எட்டு மைக் செருகினாலும் இரண்டுதான். இதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறேன்: பென் டிரைவ் செருகிப் பாட்டுப் போடுவதற்கு மட்டுமே யூஎஸ்பி வைத்த மிக்சரை, ரெக்கார்டிங்குக்கு என்று சொல்லித் தலையில் கட்டியிருந்தார்கள். இந்த வருஷம் இதே கதையோடு என்னிடம் வந்தவர்களில் இவன் ஐந்தாவது ஆள்.

கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களிடம் அன்றாடம் வருகிறவர்கள் மெல்லிசைக் குழுக்காரர்கள், சர்ச்சுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மைக் செட் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு அந்த மிக்சர் சரியான பொருள். பழகிய அதே பதிலை வீட்டில் தனியாகப் பாடுகிறவனுக்கும் சொல்லிவிடுகிறார்கள். தேங்கிக் கிடக்கும் சரக்கு முதலில் மேசைக்கு வருவதும் உண்டு.

மிக்சர் கதையாவது ஒரு பொருளோடு முடிந்தது. எனக்கு ஆறவே ஆறாத பேச்சு ஒன்று இருக்கிறது: “டைனமிக் மேடைக்கு, கண்டென்சர்தான் ஸ்டுடியோவுக்கு. இதை வாங்கினால் ஸ்டுடியோ சவுண்ட் வந்துவிடும்.” டைனமிக் என்பது மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற மைக் வகை.

தம்பி பாடியதை ஹெட்போனில் கேட்டேன். நல்ல குரல், சுருதி சுத்தம். ஆனால் முழுக்க ஃபேன் இரைச்சல், இரண்டாவது சரணத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், ஒவ்வொரு வரி முடிவிலும் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் திருப்பித் தருகிற எதிரொலி. மைக்கில் ஒரு பழுதும் இல்லை. அறையில் இருந்ததை அப்படியே கொடுத்திருக்கிறது. ஸ்டுடியோவில் கண்டென்சர் நன்றாகக் கேட்பதற்கு அந்த அறைதான் பாதிக் காரணம். மைக்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அறை கூட வராது. பத்தாயிரத்துக்குப் பதில் ஐம்பதாயிரத்துக்கு வாங்கினாலும் குக்கர் விசில் இன்னும் தெளிவாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும், “அப்போ டைனமிக் வாங்கினால் அறைச் சத்தம் வராதா?” என்று கேட்பார்கள். டைனமிக்கிலும் மாயம் இல்லை. 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக்கை இரண்டடி தள்ளி வைத்துப் பாடினால் அதிலும் அறைதான் கேட்கும். நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பாடுவதற்கென்றே செய்த மைக் அது, அதனால்தான் வீட்டில் கைகொடுக்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலி கூடுவதில்லை. வேலை செய்வது அந்தத் தூரம்தான். மைக்கின் விலையோ வகையோ அல்ல.

அப்புறம் அந்த ஃபோம். ஒரு அங்குலக் கனமுள்ள ஃபோம் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். உள்ளே எதிரொலியையும் அது மேல் ஸ்தாயியில்தான் உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். ஓர் அங்குலம் அதை என்ன செய்துவிட முடியும்? அறை முழுக்க ஒட்டி, குரல் பெட்டிக்குள் அடைத்த மாதிரி ஆனதுதான் பலருக்கு மிச்சம்.

அதற்குப் பதில், கனமான இரண்டு ரஜாயைக் கொடியில் போட்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். மைக்குக்குப் பின்னால் அல்ல. முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு வகை மைக் பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். மைக்கின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கட்டும். ஃபேனை அணைத்துவிடுங்கள். வியர்த்தால் துடைத்துக்கொண்டு பாடுங்கள்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டதா? ஒரு குரல், ஒரு கிடார் என்றால் மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை மூடுகிற ஹெட்போன், ஒரு டைனமிக் மைக். முதல் வருஷத்துக்கு இது போதும். பத்துக்குப் பத்து அறைக்கு மிக்ஸ் செய்யும்போது கேட்பதற்கான எட்டு இன்ச் மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். 192 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற கணக்கு) என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் 24 பிட் (ஒவ்வொரு அளவின் நுணுக்கம்) வைத்துப் பதிவு செய்தால் தாராளம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: கணினிக்குள் எத்தனை சானல் தனித்தனியாகப் போகும்? சரிவரவில்லை என்றால் எத்தனை நாளில் திருப்பி எடுப்பீர்கள்? இரண்டுக்கும் பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் பணத்தை எடுக்காதீர்கள்.

தம்பிக்கு விற்ற கடை மிக்சரைத் திருப்பி எடுக்கவில்லை. இருக்கட்டும் என்று, ஊருக்குப் போய் அதே மைக்கில், இரண்டு ரஜாய்க்கு முன்னால், விடியற்காலை நாலரைக்கு மறுபடி பாடி அனுப்பச் சொன்னேன். ஒரு சாண் தூரத்தில் பாடியிருந்தான். நேற்று அதைத்தான் மிக்ஸ் செய்தேன். தூரத்தில் ஒரு சேவல் கூவியதைத் தவிர வெட்டி எடுக்க எதுவும் இல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் அறையில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள், அப்புறம் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். இரண்டையும் போனில் பதிவு செய்து, பொருள் விற்காத யாரிடமாவது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அனுப்புங்கள்.