மீட்டர் நல்லாத்தான் இருக்குது, கேபிள்தான் விழுங்குது

பினாங்கு பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியிலிருந்து ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, எஸ்டபிள்யூஆர் 1.4தான் காட்டுது. ஆனா 2 மீட்டர் பேண்டில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) நான் கூப்பிட்டா யாருக்கும் கேட்கல, மற்றவங்க பேசுறதும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. செட்டை ரிப்பேருக்குக் கொடுக்கவா?"

எஸ்டபிள்யூஆர் என்பது அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1-க்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. இப்போதைக்குச் செட்டைத் தொட வேண்டாம். அனுப்புவது மட்டும் கெட்டிருந்தால் மைக்கையும், பேசும்போது மின்னழுத்தம் 13.8 வோல்ட்டிலிருந்து சரிகிறதா என்பதையும் பார்க்கலாம். கேட்பது மட்டும் கெட்டிருந்தால் முதல் சந்தேகம் மலிவான எல்இடி விளக்கின் இரைச்சல் மேல்தான். இரண்டும் சேர்ந்து மங்கினால் இரண்டுக்கும் பொதுவான வழியில்தான் கோளாறு, அதாவது ஆன்டெனா, கேபிள், கனெக்டர்.

ஆனால் மீட்டர் 1.4 காட்டுகிறதே? எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான். எஸ்டபிள்யூஆர் மீட்டருக்கு மொட்டைமாடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது, போன சக்தியில் எவ்வளவு திரும்பி வந்தது என்று மட்டுந்தான் தெரியும். கேபிள் முக்கால் பங்கை விழுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வாட் அனுப்பினால் மேலே போய்ச் சேருவது 10. அங்கே ஆன்டெனாவே இல்லை, 10 வாட்டும் அப்படியே திரும்புகிறது, வழியில் மறுபடியும் முக்கால் பங்கு போய் உங்களிடம் வருவது 2.5 வாட். மீட்டர் இதை 1.7 என்று காட்டும். ஆன்டெனா இல்லாமலே 1.7! மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் புதிதாக இருந்தாலும் இந்த பேண்டில் 30 மீட்டர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய இவ்வளவு தின்றுவிடும்.

அதில் தண்ணீர் இறங்கினால் இன்னும் மோசம். கேபிளின் வெளியுறைக்குக் கீழே இருக்கும் செம்புப் பின்னல், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல மழைநீரை உள்ளே இழுத்துக் கறுத்துப்போகும். 145 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில், சுமார் 5 மைக்ரோமீட்டர் ஆழத்தில்தான் ஓடுகிறது, தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கெட்டுப்போவதும் அதே தோல்தான். மல்டிமீட்டர் அனுப்பும் நேர்மின்னோட்டமோ கம்பியின் முழு உடம்பிலும் ஓடுவதால் "கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடும். நானே அதை நம்பி ஒரு மைக்கும் ஒரு பவர் சப்ளையும் வாங்கித் தொலைத்தேன். ஆன்டெனாவை அமாவாசையில் ஏற்றியதுதான் காரணம் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். கனெக்டரைக் கழற்றினால் பச்சை நிறத்தில் தண்ணீர் சொட்டியது, அக்டோபர் மழை.

தம்பி, மேலே போய் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, மிகக் குறைந்த சக்தியில் ஓரிரு வினாடி மட்டும் மைக் பட்டனை அழுத்திப் பாருங்கள். எஸ்டபிள்யூஆர் முள் எகிற வேண்டும். எகிறாவிட்டால் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு தடிமனான ஆர்ஜி-213 போடுங்கள், அதே 30 மீட்டரில் பாதிக்கு மேல் போய்ச் சேரும். கனெக்டர் மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளையுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.