டெம்ப் டைரக்டரிதானே என்று விட்டுவிடாதீர்கள்

சர்வர் ஸ்கிரிப்ட்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் அன்றாட வேலை. அண்மையில் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் வந்தது. தினமும் இரவில் ரூட் அனுமதியோடு, அதாவது சர்வரில் எதையும் செய்யக்கூடிய உச்ச அதிகாரத்தோடு, ஓடுவது. டேட்டாபேஸை முதலில் டிஎம்பி-க்குள் (/tmp, எல்லாரும் பயன்படுத்தும் தற்காலிக டைரக்டரி) எடுத்து வைக்கிறது. அதற்கான டைரக்டரியின் பெயர் ‘பேக்கப்’, கூடவே பிராசஸ் எண் (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் சிஸ்டம் தரும் எண்). உருவாக்குவது ‘எம்கேடிர் -பி’ (mkdir -p) கட்டளை.

“நம்பர்தான் ஒவ்வொரு தடவையும் மாறுதே அண்ணா, அப்புறம் என்ன?” என்றார் எழுதிய தம்பி.

மாறுகிறதுதான், ஆனால் வரிசையாக மாறுகிறது. பழைய சர்வர்கள் பலவற்றில் அந்த எண் 32,768-ஐத் தாண்டாது. அதே சர்வரில் கணக்கு உள்ள ஒரு விஷமி அத்தனை பெயரிலும் முன்கூட்டியே டைரக்டரி போட்டுவைக்க ஒரு சின்ன லூப் போதும். டிஎம்பி-யின் அனுமதி 1777. அடுத்தவர் ஃபைலை அழிக்கத்தான் அங்கே தடை. புதிதாக உருவாக்க யாருக்கும் தடையில்லை.

இங்கேதான் அந்த ‘-பி’ காலை வாருகிறது. டைரக்டரி ஏற்கெனவே இருந்தால் அது பிழை சொல்லாது, யாருடையது என்றும் பார்க்காது. ரூட் போய் அந்நியன் வீட்டில் உட்கார்ந்து எழுதத் தொடங்கும். டேட்டாபேஸ் நகல் எழுதப்படும் டம்ப் ஃபைலின் பெயரில் அவன் ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலுக்குத் திருப்பிவிடும் குறுக்குவழி) வைத்து, அதை ஈடிசி-யில் (/etc) உள்ள, பாஸ்வேர்டு விவரங்கள் இருக்கும் ஷேடோ ஃபைலுக்குத் திருப்பியிருந்தால்? ரூட் அதன் மேலேயே எழுதிவிடும், பாஸ்வேர்டு விவரம் மொத்தமும் அழிந்து போச்சு. 2012-இல் வந்த லினக்ஸ் 3.6-இல் சிம்லிங்க் பாதுகாப்பு சேர்ந்தது உண்மை. ஆனால் அது டிஎம்பி போன்ற பொது டைரக்டரியில் நேரடியாக இருக்கும் லிங்க்குகளுக்குத்தான். அவனுடைய சொந்த டைரக்டரிக்குள் இருப்பதை அது தடுக்காது.

‘இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உருவாக்கலாமே’ என்றால் அதுவும் உதவாது. பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் நடுவே இருக்கும் நொடிப்பொழுது அவனுக்குப் போதும்.

ஷெல்லில் ‘எம்கேடெம்ப் -டி’ (mktemp -d) போடுங்கள். ஊகிக்க முடியாத பெயர், உரிமையாளர் மட்டும் நுழையக்கூடிய 0700 அனுமதி, உருவாக்குவதும் ஒரே வீச்சில். பைத்தானில் ‘எம்கேடிடெம்ப்’ (mkdtemp). அதன் பக்கத்திலேயே இருக்கும் பைத்தானின் ‘எம்கேடெம்ப்’ (mktemp) பக்கம் போகாதீர்கள், ஷெல் கட்டளையின் பெயரே இதற்கும் என்றாலும். அது வெறும் பெயரை மட்டும் தருவது, பைத்தான் 2.3 பதிப்பிலேயே கைவிடச் சொன்னது. பெரிய லைப்ரரிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன: ஜாவாவின் குவாவா உருவாக்கிய டெம்ப் டைரக்டரியை அதே கணினியின் மற்ற பயனர்களும் படிக்க முடிந்தது, 2020-இல் அதற்கு சிவிஇ எண்ணே (பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பதிவு எண்) வந்தது.

தம்பி வரியை மாற்றிவிட்டார். டைரக்டரி உருவாகாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க ஒரு வரி, வேலை முடிந்ததும் அழிக்க ஒரு ‘டிராப்’ (trap) வரி, இரண்டையும் சேர்க்கச் சொன்னேன். இப்போது மற்ற ஸ்கிரிப்ட்களில் ‘எம்கேடிர் -பி’ எங்கெல்லாம் டிஎம்பி-யைத் தொடுகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்.