44 எழுத்துகளை நம்பிய காலம்

17ஆவது குரோமோசோமில் ஒரு மரபணு இருக்கிறது. நரம்புச் செல் வெளியே விட்ட, செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதத்துக்கான குறிப்பு அதில் உள்ளது. மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகளில் பல, தடுப்பது இந்தப் புரதத்தைத்தான். அந்த மரபணுவின் வாசலில் இருக்கும் ஒரு துண்டு சிலருக்கு நீளம், சிலருக்குக் குட்டை. வித்தியாசம் சுமார் 44 எழுத்துகள், அதாவது டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள். மனித டி.என்.ஏ.வில் மொத்தம் 300 கோடி எழுத்துகள் என்று பார்த்தால், கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

நியூசிலாந்தின் டுனடின் நகரில் பிறந்ததிலிருந்தே கவனிக்கப்பட்டு வந்தவர்களில் 847 பேரை வைத்து 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. வேலை போவது, உறவு முறிவது என்று அடிமேல் அடி விழும்போது, குட்டைத் துண்டு உள்ளவர்களே அதிகம் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்றது அது. மருந்து வேலை செய்யும் அதே இடம். மரபணு பாதி, வாழ்க்கை பாதி. கதை அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் உலகமே நம்பியது. அதைப் பின்தொடர்ந்து ஆய்வுகள் குவிந்தன. 2019இல் பல லட்சம் பேரின் தகவல்களை வைத்து, இப்படிப் பேர்பெற்ற 18 மரபணுக்களைச் சோதித்துப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய வேறு மரபணுக்களைவிட அவை எந்த விதத்திலும் தேறவில்லை.

யாரும் ஏமாற்றவில்லை. சில நூறு பேரை வைத்துக்கொண்டு மிகச் சிறிய விளைவைத் தேடினால், தற்செயலும் கண்டுபிடிப்பு மாதிரியே தெரியும். எங்கே தேடுவது என்பதையும் ஆய்வாளர்களே முன்கூட்டி ஊகித்திருந்தார்கள். மருந்து செரட்டோனினில் வேலை செய்கிறது என்பதற்காக நோயும் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. மாத்திரை போட்டால் தலைவலி போகிறது என்பதால், உடலில் அந்த மாத்திரை குறைந்ததால்தான் தலை வலித்தது என்போமா?

அப்படியானால் மரபுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும் தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது, மனச்சோர்வின் மரபுப் பங்கு சுமார் 37% என்று வந்தது. ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய்க்கு அது 80% அளவுக்குப் போகிறது. இந்த எண்ணைத் தப்பாகப் படிக்காதவர்கள் குறைவு. ஒருவருடைய நோயில் 37 பங்கு மரபணு, மீதி வாழ்க்கை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. இது மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. கைக்கு ஐந்து விரல் என்று தீர்மானிப்பது மரபணுக்கள்தான். ஆனால் ஒருவருக்கு விரல் குறைவதற்குப் பெரும்பாலும் விபத்துதான் காரணம். ஆகவே விரல் எண்ணிக்கையின் மரபுப் பங்கைக் கணக்கிட்டால் மிகக் குறைவாகவே வரும்!

ஊகத்தைக் கைவிட்ட பிறகுதான் வழி திறந்தது. நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இருவரின் டி.என்.ஏ.விலும் லட்சக்கணக்கான இடங்களை ஒன்றுவிடாமல் ஒப்பிடுவதுதான் இப்போதைய முறை. 10 லட்சம் இடங்களைச் சோதித்தால், வழக்கமான 5% அளவுகோலில் 50,000 இடங்கள் சும்மாவே தேறிவிடும். அதனால் 2 கோடியில் ஒரு வாய்ப்புதான் தற்செயல் என்னும் அளவுக்கு வடிகட்டுகிறார்கள். அந்த வடிகட்டியைத் தாண்ட லட்சக்கணக்கில் ஆட்கள் வேண்டும். ஆட்கள் சேரச் சேர மனச்சோர்வோடு தொடர்புள்ள இடங்களும் கூடின: 2018இல் 44, 2019இல் 102, 2025இல் ஏறத்தாழ 700. ஒவ்வொன்றும் ஆபத்தை நூற்றுக்குச் சில பங்குதான் கூட்டும், அல்லது குறைக்கும். இவற்றில் சில நம் எல்லோரிடமும் இருக்கின்றன, எனக்கும் உங்களுக்கும் சேர்த்து.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய குடும்பம். 1ஆவது குரோமோசோமும் 11ஆவதும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக அது இறங்கிவந்தது. அந்த உடைப்பைச் சுமந்தவர்களில் சிலருக்கு மனச்சிதைவு, சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு, ஒருவருக்கு மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய். சிலருக்கு ஒன்றுமே இல்லை. உடைந்த இடத்தில் இருந்த மரபணுவுக்கு 'மனச்சிதைவில் குலைந்தது' என்னும் பொருளில் டிஸ்க்1 என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தில் மனச்சிதைவைவிட மனச்சோர்வு வந்தவர்களே அதிகம்!

பெரிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் பொதுவான மரபு மாறுபாடுகள் ஏராளம். மனச்சோர்வும் இவற்றோடு பின்னிக்கிடக்கிறது. மருத்துவர்கள் அறிகுறிகளைப் பார்த்துக் கோடு போட்டு நோய்களைப் பிரித்தார்கள். டி.என்.ஏ.வுக்கு அந்தக் கோடுகள் தெரியாது.

எங்கேயாவது ஒரு மரபணு உண்மையில் என்ன செய்கிறது என்று பிடிபட்டதா? 6ஆவது குரோமோசோமில் உள்ள சி4 மரபணுவில் ஓரளவு பிடிபட்டது. நோய் எதிர்ப்பு வேலைக்கானது அது. 2016இல் வெளியான ஆய்வின்படி, அதன் ஒரு வடிவம் மூளையில் அதிகமாக வேலை செய்தால் மனச்சிதைவின் ஆபத்து கூடுகிறது. எலிகளில் பார்த்தபோது, நரம்பிணைப்புகளைக் கழித்துவிடும் வேலையில் இந்த மரபணுவுக்குப் பங்கு இருந்தது. மனிதரிலும் வளரிளம் பருவத்தில் இந்தக் கழிப்பு இயல்பாகவே நடக்கும். நோய் பெரும்பாலும் அந்த வயதை ஒட்டித் தலைகாட்டுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

"அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வருமா?" என்று கேட்பவருக்கு இன்று என்ன பதில்? பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தால் ஆபத்து 2 முதல் 3 மடங்கு. மனச்சிதைவு பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு. மற்ற ஒன்பது பேருக்கு வருவதில்லை. எல்லா மாறுபாடுகளையும் கூட்டி 'ஆபத்து மதிப்பெண்' போடும் முறையும் வந்துவிட்டது. ஆனால் அதற்கான தகவல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. மற்றவர்களுக்கு அந்த மதிப்பெண் இன்னும் மோசமாகவே பொருந்துகிறது.