டிப்பர் சத்தம் கேட்டால் அம்மா ஏன் மாடிக்கு ஏறுகிறார்?

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து வந்து, முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் உரசிக்கொண்டிருந்தது வரை அவருடைய அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, பள்ளிக்கூட முகாமில் யாரோ கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சுனாமி வந்த இடைப்பட்ட பொழுது இல்லவே இல்லை. ஆனால் இன்றும் தெருவில் டிப்பர் லாரி ஜல்லி கொட்டினால், அடுப்பில் வேகும் மரச்சீனிக் கிழங்கை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஏறிவிடுகிறார். கேட்டால், “துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தேன்” என்கிறார். கொடியில் துணியே இருக்காது.

“ஆழ்மனத்தில் பூட்டிக் கிடப்பதை ஹிப்னாடிசம் செய்து வெளியே எடுத்தால் அம்மா சரியாகிவிடுவாரா?” இதுதான் மகளின் கேள்வி.

பூட்டு என்ற எண்ணத்தை நமக்குத் தந்தவர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு. தாங்க முடியாத நினைவை மனமே கீழே அமுக்கி வைக்கிறது என்று 1915இல் தனிக்கட்டுரையே எழுதினார். நனவிலி எனும் ஆழ்மனம் ஒரு பெரிய கூடம், அதையடுத்து நனவு இருக்கும் சிறிய வரவேற்பறை, எதை உள்ளே விடுவது என்று பார்க்க நடுவே ஒரு காவல்காரன் என்று விளக்கினார். வேண்டுமென்றே ஒன்றை நினைக்காமல் தவிர்த்துக்கொண்டே வந்தால் அதை நினைவுகூர்வது ஓரளவு கடினமாகிறது என்று 2001இல் உளவியலாளர்கள் ஆண்டர்சனும் கிரீனும் சொற்களை வைத்துச் செய்த சோதனை காட்டியது. அது சொற்களோடு நின்ற சோதனை. பேரிடரில் தப்பியவர்களில் பெரும்பாலோருக்கு மறக்க முடியாமல் போவதுதான் தொல்லை.

அந்த அம்மாவைப் புரிந்துகொள்ள எனக்கு உதவுவது ஓர் ஊசி. ஜெனீவாவில் கிளப்பரேட் என்ற மருத்துவர் 1911இல் எழுதி வைத்தது. அவரிடம் ஒரு பெண் நோயாளி இருந்தார். புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்காது. தினமும் பார்க்கும் மருத்துவரையே முதன்முறை பார்ப்பதுபோல் பார்ப்பார். ஒருநாள் கிளப்பரேட் விரலிடுக்கில் ஊசியை மறைத்துக்கொண்டு அவரோடு கைகுலுக்கினார். சுருக்கென்று குத்தியது. சிறிது நேரத்தில் அந்தப் பெண் அதை அடியோடு மறந்துவிட்டார். மருத்துவர் மறுபடியும் கையை நீட்டினார். அந்தப் பெண்ணின் கை சட்டென்று பின்னால் போனது. ஏன் என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. வற்புறுத்திய பிறகு, “சில நேரம் கைகளில் ஊசி ஒளித்திருப்பார்கள்” என்றார்.

எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிற இடம் இது. குத்தியதை அவர் அறியார். அவர் கை அறியும். மூளை ஒரே நிகழ்வை இரண்டு இடங்களில் எழுதுகிறது. எங்கே, எப்போது, யார் என்று கதையாகக் கோப்பது ஹிப்போகேம்பஸ். பாதாம்பருப்பு வடிவிலுள்ள அமிக்டலாவுக்குக் கதை தேவையில்லை. இந்தச் சத்தம் வந்தால் ஆபத்து, ஓடு என்ற ஒற்றை வரி போதும். உயிர்ப்பயம் வந்ததும் உடலெங்கும் கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் பெருகுகின்றன. அந்த வெள்ளத்தில் ஹிப்போகேம்பஸ் தடுமாறுகிறது, அமிக்டலாவோ இன்னும் அழுத்தி எழுதுகிறது. ஆகவே அம்மாவின் அந்தப் பொழுது பூட்டப்பட்டிருக்க வேண்டியதில்லை. கதையாக எழுதப்படாமலே போயிருக்கலாம். இடிந்து விழுவதுபோன்ற இரைச்சல் மட்டும் பதிந்திருக்கிறது. ஜல்லி சரியும்போது கால்கள் உயரத்தைத் தேடுகின்றன. காரணத்தைப் பிறகு வாய் தேடுகிறது, அது கொடித்துணியாகிறது.

எழுதப்படாததை ஹிப்னாடிசத்தால் எப்படித் தோண்டி எடுப்பது? தோண்டினால் வேறொன்று முளைக்கும். 1995இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 24 பேரிடம், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையைக் குடும்பத்தார் சொன்னதாக முன்வைத்தார். நான்கில் ஒருவருக்கு அது முழுதாகவோ பாதியாகவோ நினைவுக்கு “வந்துவிட்டது”. அந்த அம்மாவுக்கு இல்லாத ஒரு பிணத்தை நினைவில் நட்டுவிடாதீர்கள்.

கடலில் போனவர்களின் ஆவி பிடித்திருக்கிறது, கயிறு கட்டலாம் என்று பக்கத்துவீட்டார் சொல்கிறார்களாம். வில்லுப்பாட்டில் இசக்கி கதை கேட்டு வளர்ந்தவன் நான். கொல்லப்பட்டவள் நியாயம் கேட்டுத் திரும்பி வருவாள் என்று பாடிய நம் ஊர், அமுக்கியது மேலே வரும் என்பதை ஃபிராய்டுக்கு முன்பே உணர்ந்திருந்தது. அந்தக் கதைகள் எனக்கு உயிர். ஆனால் பயந்த ஒரு பெண்ணின் கையில் கயிறு கட்டி அவளையே குற்றவாளியாக்குவதை ஏற்கமாட்டேன். சுனாமிக்குப் பின் படகும் வீடும் கொடுத்தோம். 2017இல் ஒக்கி வந்தபோதும் அதையே பேசினோம். ஒவ்வொரு கடலோர ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு மனநல ஆலோசகருக்கு நிரந்தரச் சம்பளம் ஒதுக்குவது அதே அளவு அவசரமானது.

அமிக்டலா எழுதியதை எளிதில் அழிக்க முடியாது. ஆனால் அதன்மேல் புதிதாக எழுதலாம். ஆலோசகரின் துணையோடு, அதே சத்தத்தை மிக மெல்லிய அளவில், பாதுகாப்பான இடத்தில், திரும்பத் திரும்பக் கேட்கச் செய்வார்கள். சத்தம் வந்தும் ஒன்றும் நேரவில்லை என்று நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி கற்று, அமிக்டலாவை அடக்கும். 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசித் தொடங்கலாம். அதுவரை, அடுத்த முறை டிப்பர் வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவோடு நீங்களும் மாடிக்கு ஏறுங்கள். அன்று என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம். ஜல்லி கொட்டுவதை இருவரும் மேலிருந்து பார்த்துவிட்டு இறங்குங்கள்.